வட்டியில் பிறந்த கட்சி

1990 ஜனவரியில் போலந்தின் மத்திய வங்கி தன் கடன் வட்டியை 36 சதவீதமாக்கியது. ஆண்டு வட்டி அல்ல, மாத வட்டி. பிப்ரவரியில் அது 20 ஆனது. மார்ச்சில் 10. ஒரு தாளை எடுத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடப் பிறப்பன்று நூறு ஸ்வோட்டி கடன் வைத்திருந்தவர், வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால், மார்ச் கடைசியில் ஏறக்குறைய 180 ஸ்வோட்டிக்குக் கடன்காரர். இதுவும் வங்கிகளுக்கு மத்திய வங்கி வைத்த விகிதம்தான். வங்கியின் பங்கும் சேர்ந்த பிறகே அது விவசாயியின் வாசலுக்கு வரும்.

சமோப்ரோனா என்ற கட்சியின் பிறந்த கதையை இந்தக் கணக்கிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தற்காப்பு என்று பொருள். அதை நடத்தியவர் ஆந்த்ஜெய் லெப்பெர், வடக்கு போலந்தின் பொமரேனியாப் பகுதி விவசாயி. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரை ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்த விவசாயத் தலைவர் என்றே எழுதி வந்தன. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கட்சி கருக்கொண்ட நாளில் ஐரோப்பிய ஒன்றியம் என்ற பெயரே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. போலந்து அதில் சேர மனுக் கொடுத்ததே 1994-ல்தான். லெப்பெரின் ஆட்களுடைய வாசலில் அன்று நின்றவர் பிரஸ்ஸல்ஸ் அதிகாரி அல்ல, அமீனா.

போலந்தின் நிலக் கதை மற்ற கம்யூனிஸ்ட் நாடுகளின் கதையைப் போன்றதல்ல. சோவியத் முகாமில் மற்ற நாடுகளெல்லாம் நிலத்தைக் கூட்டுப் பண்ணைகளாக்கியபோது, போலிஷ் விவசாயிகள் அசைந்து கொடுக்கவில்லை. 1956-க்குப் பிறகு அரசே அந்த முயற்சியைக் கைவிட்டது. விளைநிலத்தில் நான்கில் மூன்று பங்கு கடைசிவரை தனி விவசாயிகளிடமே இருந்தது. சின்னச் சின்னப் பட்டாக்கள்தான். தொண்ணூறுகளில் ஒரு பண்ணையின் சராசரி ஏழு ஹெக்டேர், அதாவது சுமார் பதினேழு ஏக்கர். நீண்ட குளிர்காலம் உள்ள மண்ணில் அது பெரிய சொத்து ஆகாது.

வடக்கிலும் மேற்கிலும் மட்டும் நிலைமை வேறு. 1945 வரை அவை ஜெர்மனியின் நிலங்கள். போருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேறு இடங்களிலிருந்து வந்த போலிஷ் குடும்பங்கள் குடியேறின. பழைய பிரபுக்களின் பெரிய எஸ்டேட்டுகள் அரசுப் பண்ணைகள் ஆயின. அங்கே வேலை செய்தவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. பண்ணையே வீடு கொடுத்தது, கூலி கொடுத்தது, குழந்தைகள் காப்பகம் நடத்தியது. லெப்பெர் பிறந்தது இந்த மண்ணில்தான், 1954-ல், ஸ்தோவியென்ச்சினோ என்ற கிராமத்தில். விவசாயத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார், இளவயதில் குத்துச்சண்டை போட்டார், அரசுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். பிறகு ஜெல்னோவோ கிராமத்தில் சொந்தமாக நிலம் எடுத்துப் பயிர் வைத்தார். முன்னேற நினைத்த எந்த விவசாயியும் செய்வதையே அவரும் செய்தார்: கடன் வாங்கினார்.

எண்பதுகளின் கடைசியில் போலந்தில் கடன் வாங்குவது புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. 1989 அக்டோபரில் ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் கூடியது. அப்படி ஏறும்போது கடனின் மதிப்பு தானாகக் கரையும். இன்று ஒரு டிராக்டர் விலைக்கு வாங்கிய கடனை நாளைக்கு இரண்டு பன்றிகளை விற்று அடைத்துவிடலாம் என்ற நிலைமை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் அப்படித்தான் அடைத்தார்கள். கிராமத்துக் கூட்டுறவு வங்கி கேட்டவர்களுக்குக் கொடுத்தது. இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்றுவரை நடந்த உலகத்தை நம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

1989 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமராகத் ததேயுஷ் மசோவியெத்ஸ்கி பதவியேற்றார். அவருடைய நிதியமைச்சர் லெஷெக் பல்ட்செரோவிச், நாற்பத்திரண்டு வயதுப் பொருளாதார நிபுணர். விலைவாசித் தீயை ஒரே வீச்சில் அணைக்க அவர் தீட்டிய திட்டம் 1990 ஜனவரி 1-ல் அமலானது. அதற்குச் சில நாள் முன்னால் நாடாளுமன்றம் அவசரமாக நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று கடன் உறவுகளை ஒழுங்குபடுத்துவது பற்றியது. ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தான கடன் பத்திரங்களின் வட்டியையும் வங்கிகள் மாற்றலாம் என்றது அது. நான் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறேன். புதிதாகக் கடன் கேட்பவருக்கு 36 சதவீதம் என்று சொன்னால் அவர் வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம். பழைய கடன்காரருக்கு அந்த வழி கிடையாது. தூங்கப் போகும்போது இருந்த பத்திரம் விடியும்போது வேறு பத்திரமாகியிருந்தது.

பல்ட்செரோவிச்சின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் விலைகள் ஏறக்குறைய 80 சதவீதம் ஏறின. அதன் பக்கத்தில் வைத்தால் 36 என்பது குறைந்த வட்டியே. மார்ச்சில் விலையேற்றம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. திட்டம் வேலை செய்தது. காலியாகக் கிடந்த கடை அலமாரிகள் நிறைந்தன. நகரத்தில் வரிசை மறைந்தது. பிற்பாடு போலந்து வளர்ந்த வேகத்துக்கு அங்கேதான் அடித்தளம் போடப்பட்டது என்று பலர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் சராசரி விலையேற்றம் என்று ஒன்று விவசாயிக்குக் கிடையாது. அவர் வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று. டீசல், உரம், தீவனம் எல்லாம் மானியம் போனதும் பாய்ந்து ஏறின. பாலும் பன்றியும் கூடவே ஏறவில்லை, ஏனென்றால் நகரத்துக்காரர்களின் கையில் காசில்லை. இறக்குமதித் தீர்வை மிகவும் குறைந்திருந்ததால் மேற்கு ஐரோப்பாவின் மானியம் பெற்ற உணவுப் பொருள்கள் கடைக்கு வந்தன. வழவழப்பான தாளில் சுற்றியிருந்த வெண்ணெய்க்குப் பக்கத்தில் உள்ளூர் வெண்ணெய் ஏழையாகத் தெரிந்தது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் இப்படி விரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் வட்டி நின்றது. மார்ச்சில் விலையேற்றம் ஐந்துக்குக் கீழே, வட்டி பத்து. விலைவாசி அடங்கியது நாட்டுக்கு நல்ல செய்தி. கடன் வைத்திருந்தவருக்கு அதுவே பேரிடி. இனிமேல் கடன் தானாகக் கரையாது.

ஜப்தி தொடங்கியது. டிராக்டர் போயிற்று, மாடு போயிற்று, சிலருக்கு நிலமே ஏலத்துக்குப் போயிற்று. லெப்பெரும் அந்த வரிசையில் ஒருவர். கடனில் மூழ்கியவர் வழக்கமாக என்ன செய்வார்? வெட்கப்படுவார். அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பார். சந்தைக்குப் போவதைக் குறைப்பார். லெப்பெரின் திறமை என்று நான் கருதுவது, அந்த வெட்கத்தை அவர் பொதுவில் போட்டு உடைத்ததைத்தான். உன் கடன் உன் தவறல்ல, ஊர் முழுக்க இதே கதைதான், கூடி நின்றால் அமீனா திரும்பிப் போவார் என்று அவர் எடுத்துச் சொன்னார். பால்டிக் கரையோரம் தார்வோவோ வட்டாரத்தில் 1991-ல் விவசாயிகள் தற்காப்புக் குழு அமைத்தார்கள். தென்கிழக்கே ஸமோஷ்ச் பகுதியிலும் கடன்பட்ட விவசாயிகள் திரண்டிருந்தார்கள். நாட்டின் இரு கோடிகளிலிருந்த இந்த இரண்டு கூட்டமும் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வார்சாவில் சந்தித்தன.

செய்ம் என்ற நாடாளுமன்றத்தின் முன்னால் அமர்ந்து போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். வேளாண் அமைச்சகத்துக்குள் புகுந்து வெளியேற மறுத்தார்கள். வட்டியைக் குறை, ஜப்தியை நிறுத்து, கடனுக்கு ஒரு வழி சொல். கோரிக்கைகளில் கொள்கை என்று பெரிதாக ஏதுமில்லை. 1992 ஜனவரி 10-ல் சமோப்ரோனா விவசாயத் தொழிற்சங்கமாகப் பதிவானது. அதே ஆண்டில் அதிலிருந்து ஒரு கட்சியும் கிளைத்தது. பெயரைக் கவனியுங்கள். விவசாயிகள் முன்னேற்றம் என்றோ நிலம் என்றோ வைக்கவில்லை. அடி விழும்போது தானாக முகத்துக்கு முன்னால் போகிற கையைப் பெயராக வைத்தார்கள். குத்துச்சண்டை போட்டவருக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும்.

அந்தப் போராட்டம் பலனும் தந்தது. 1992-ல் அரசு வேளாண்மைக் கடன் சீரமைப்புக்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. கையை உயர்த்தினால்தான் பேச வருகிறார்கள் என்ற பாடத்தை விவசாயிகள் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். சாலை மறியல்கள் தொடர்ந்தன.

தற்காப்பு எப்போது தாக்குதலாகிறது என்ற கேள்வியும் சீக்கிரமே வந்தது. 1994-ல் கடன்பட்ட பண்ணை ஒன்றுக்கு நிர்வாகியாக அமர்த்தப்பட்ட ஒருவரைச் சமோப்ரோனாக்காரர்கள் அடித்து, தலைமயிரை மழித்து அனுப்பினார்கள். அந்த மனிதர் வேலைக்கு வந்தவர். வட்டி விகிதத்தை முடிவு செய்தவரல்ல. கடன்பட்டவர்களின் வலியை முழுமனதோடு எழுதுகிற எனக்கு இந்த ஒரு சம்பவம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவமானப்பட்டவர்கள் தங்கள் அவமானத்தை இன்னொருவர் தலையில் இறக்கினார்கள். இதற்கு எந்தக் கடன் கணக்கும் சமாதானம் ஆகாது.

தேர்தலில் கட்சி எடுபடவில்லை. 1993-ல் 2.78 சதவீதம். 1995 குடியரசுத் தலைவர் தேர்தலில் லெப்பெருக்கு 1.32. 1997-ல் 0.08. அநேகமாக முடிந்துபோன கதை என்றுதான் அன்று யாரும் எழுதியிருப்பார்கள்.

கதையைத் திரும்ப எழுப்பியவை இரண்டு. 1997-ல் வந்த யெர்ஸி பூஸெக் அரசில் பல்ட்செரோவிச் மீண்டும் துணைப் பிரதமரும் நிதியமைச்சரும் ஆனார். 1998 ஆகஸ்டில் ரஷ்ய ரூபிள் சரிந்தது. போலந்தின் பன்றி இறைச்சிக்கும் பாலுக்கும் அன்று பெரிய சந்தை ரஷ்யா. அது மூடியதும் பன்றி விலை தரைக்கு வந்தது. தொழுவத்தில் நிற்கும் பன்றி தினமும் தின்றுகொண்டே இருக்கும், விலை ஏறட்டும் என்று அதைக் காக்கவைக்க முடியாது. அதே 1998 கோடையில் ஸ்லோவாக்கிய எல்லை அருகே முஷீனா ரயில் நிலையத்தில் இறக்குமதித் தானிய வண்டிகளைத் திறந்து தண்டவாளத்தில் கொட்டியிருந்தார்கள் லெப்பெரும் அவருடைய ஆட்களும். தானியத்தை மண்ணில் கொட்டுவது எந்த உழவனுக்கும் கை வராத காரியம். பார்த்தவர்கள் அதிர்ந்ததும் அதனால்தான்.

1999 ஜனவரியில் நாடு முழுவதும் டிராக்டர்கள் சாலைக்கு வந்தன. நெடுஞ்சாலைகளும் எல்லைக் கடவுகளும் அடைபட்டன. போலீஸ் தடியடியும் நடந்தது. வழக்கமாகச் சேர்ந்து நடக்காத மூன்று விவசாயச் சங்கங்கள் ஒன்றாக மேசைக்கு வந்தன. பிப்ரவரியில் அரசு பன்றி இறைச்சியைக் கூடுதல் விலைக்குக் கொள்முதல் செய்ய ஒப்புக்கொண்டது. அந்த மூன்று சங்கங்களில் மக்கள் நினைவில் நின்றது லெப்பெரின் முகம். ‘பல்ட்செரோவிச் போக வேண்டும்’ என்று ஒவ்வொரு பேச்சையும் முடிப்பது அவர் வழக்கமானது. எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் முடிவு அதுதான். நாடே அந்த வரியைச் சொல்லத் தொடங்கியது. 1990 ஜனவரிக் கணக்கை அவர் மறக்கவில்லை என்றே நான் அதைக் கேட்கிறேன்.

கூட்டமும் மாறியிருந்தது. அரசுப் பண்ணைகள் 1991-ல் வந்த சட்டத்தோடு கலைக்கப்பட்டன. இயந்திரங்கள் விற்கப்பட்டன, நிலம் குத்தகைக்குப் போனது. தொழிலாளிகள் அதே வரிசை வீடுகளில் வேலையில்லாமல் தங்கிவிட்டார்கள். பேருந்தும் நின்றுபோன ஊர்கள் உண்டு. நிலம் உள்ள கடன்காரருக்காகத் தொடங்கிய கட்சிக்கு இப்போது நிலமே இல்லாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2001 செப்டம்பர் தேர்தலில் சமோப்ரோனா 10.2 சதவீத வாக்கும் 53 இடங்களும் பெற்று மூன்றாவது கட்சியானது. கொடியின் வெள்ளையும் சிவப்பும் கோடுபோட்ட கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அந்த 53 பேர் உள்ளே நுழைந்தார்கள். இனி இந்தச் சபையில் வெர்சாய் அரண்மனை மரியாதைகள் கிடையாது என்று லெப்பெர் அறிவித்தார். துணைச் சபாநாயகர் பதவி கொடுத்தார்கள். பெரிய தலைவர்கள் லஞ்சம் வாங்கியதாக அவையில் அடுக்கினார். ஒரு மாதம் ஓடியதும் பதவியைப் பறித்தார்கள்.

ஐரோப்பா கதைக்குள் முழுதாக வருவது இப்போதுதான். சேர்க்கைப் பேச்சுகள் 1998-ல் தொடங்கி 2002 டிசம்பரில் கோபன்ஹேகனில் முடிந்தன. விவசாயிக்கு அங்கே கிடைத்த பதில் இது: பழைய உறுப்பு நாடுகளின் விவசாயிகள் வாங்குகிற நேரடி மானியத்தில் 2004-ல் கால் பங்கு, 2005-ல் 30 சதவீதம், 2006-ல் 35. முழுப் பங்கு 2013-ல். இடைவெளியை ஓரளவு சொந்தக் கஜானாவிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். சந்தை மட்டும் முதல் நாளே முழுதாகத் திறக்கும். முழு மானியம் வாங்கும் பிரெஞ்சு விவசாயியோடு கால் மானியம் வாங்கும் போலிஷ் விவசாயி ஒரே சந்தையில் நிற்க வேண்டும். லெப்பெர் இதை எதிர்த்தார். சேரவே கூடாது என்று தீர்மானமாகச் சொன்னவரல்ல அவர், இந்த நிபந்தனைகளில் வேண்டாம் என்றவர். என் கணிப்பில் இது 1990-ன் அதே காயம்தான். அன்று வார்சாவில் யாரோ எழுதிய விகிதம் ஜெல்னோவோவில் வந்து இறங்கியது. இப்போது விகிதம் எழுதும் மேசை இன்னும் தூரத்துக்குப் போகிறது. கிராமத்துக்கும் மேசைக்கும் நடுவில் உள்ள அந்தத் தூரம்தான் அவருடைய ஐரோப்பிய எதிர்ப்பு.

2003 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தது. 58.85 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அதில் 77.45 சதவீதம் ‘ஆம்’. கிராமங்களிலும் பெரும்பாலோர் ஆம் என்றே போட்டார்கள். 2004 மே 1-ல் போலந்து சேர்ந்தது. அந்த ஆண்டே சுமார் 14 லட்சம் விவசாயிகள் நேரடி மானியத்துக்கு விண்ணப்பம் நிரப்பினார்கள். நில அளவு, சர்வே எண், பயிர் என்று நீண்ட படிவம். கிராமத்து ஆள் நிரப்பமாட்டார் என்று பயந்தவர்கள் உண்டு, நிரப்பினார்கள். கால் பங்குதான் என்றாலும் அந்தப் பணம் கடன் இல்லை, அதற்கு வட்டி இல்லை. பாலுக்கும் மாட்டுக்கும் விலை ஏறியது. சில மாதங்களிலேயே கிராமத்தின் பேச்சு மாறத் தொடங்கியது.

லெப்பெருக்கு உடனே அது தெரியவில்லை. 2004 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஆறு இடங்கள். 2005 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருக்கு 15 சதவீதம், மூன்றாம் இடம். 2006 மே மாதம் துணைப் பிரதமரும் வேளாண் அமைச்சரும் ஆனார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு முன் உள்ளே புகுந்து உட்கார்ந்த அதே அமைச்சகத்துக்கு இப்போது அவர் எசமானர். ரஷ்யா 2005 நவம்பரிலிருந்து போலந்து இறைச்சிக்குத் தடை விதித்திருந்தது. தனியாக மாஸ்கோவோடு மோத போலந்தால் முடியவில்லை. 2006 நவம்பரில் ரஷ்யாவோடு ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கவிருந்த ஒப்பந்தப் பேச்சைப் போலந்து தன் வீட்டோவால் நிறுத்தியது. இறைச்சிப் பிரச்சினையைப் பிரஸ்ஸல்ஸ் தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் நம்பாத மேசைதான் அவருடைய விவசாயிகளின் பன்றிக்காகப் பேச வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஓயாத ஆவல்.

முடிவு வேகமாக வந்தது. 2006 டிசம்பரில், கட்சியில் வேலை கேட்டு வந்த பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்டதாகக் குற்றச்சாட்டு வெடித்தது. 2010-ல் கீழ் நீதிமன்றம் லெப்பெருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி மறுவிசாரணைக்குப் போனது, அந்த விசாரணை முடிய அவர் இருக்கவில்லை. வலியவர்கள் எளியவர்களை மிதிப்பதை எதிர்த்துப் பிறந்த ஒரு கட்சியின் மேல் இப்படி ஒரு புகார் வந்தது என்பதே எனக்குப் போதுமான துக்கம். 2007 ஜூலையில், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற லஞ்சம் என்று ஊழல் தடுப்பு அமைப்பு ஒரு பொறி வைத்தது. லஞ்சப் பணம் லெப்பெரின் கைக்கு வரவில்லை, பதவி மட்டும் போனது. அந்தப் பொறியை வைத்ததற்காக அமைப்பின் தலைவரையே 2015-ல் நீதிமன்றம் குற்றவாளி என்றது, குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். 2007 அக்டோபர் தேர்தலில் சமோப்ரோனாவுக்கு 1.53 சதவீதம், ஓர் இடமும் இல்லை. ஊழல், பாலியல் புகார்கள் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டே நின்றவர்கள், மூன்று நான்கு அறுவடைகளுக்குப் பிறகு அதை மெதுவாக இறக்கியிருந்தார்கள்.

2011 ஆகஸ்ட் 5-ல் வார்சாவின் கட்சி அலுவலகத்தில் லெப்பெர் இறந்து கிடந்தார். அவரே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று விசாரணை முடிவு செய்தது. வயது ஐம்பத்தேழு. அவரை வார்சாவில் புதைக்கவில்லை. வடக்கே கொண்டுபோய், தார்வோவோவுக்குப் பக்கத்தில் க்ரூப்பி என்ற சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். இருபது ஆண்டுக்கு முன் கடன்பட்ட விவசாயிகள் முதல் தற்காப்புக் குழுவை அமைத்தது அந்த வட்டாரத்தில்தான். ஆகஸ்ட் மாதம், அங்கே அறுவடைக் காலம்.